ஒரு செமஸ்டர் வெளியே: கிறிஸ்தவக் கல்லூரிப் பிள்ளைகளின் பெற்றோர் என்னிடம் கேட்கும் கேள்விகள்

நாங்கள் இருப்பது அமெரிக்காவில், மிச்சிகன் பக்கம். என் மகள் படித்தது ஒரு சின்ன கிறிஸ்தவக் கல்லூரியில். மூன்றாம் வருடம் ஒரு செமஸ்டர் முழுக்க உகாண்டாவில், முகோனோ என்ற ஊரில் இருந்து படித்துவிட்டு வந்தாள். அதிலிருந்து ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து காபி குடிக்கிற நேரத்தில் யாராவது ஒருவர் வந்து, "அக்கா, எங்க பிள்ளையும் கேக்குறா, அனுப்பலாமா?" என்று ஆரம்பிப்பார்கள். திரும்பத் திரும்ப வந்த கேள்விகளை இங்கே எழுதி வைக்கிறேன்.

இது என்ன, நாலு மாதம் ஊர் சுற்றுவதா?

இல்லை. பிள்ளை தன் கல்லூரியின் மாணவராகவே இருந்துகொண்டு, ஒரு செமஸ்டருக்கான பாடங்களை வேறோர் இடத்தில் படிப்பதுதான் இது. வாசிப்பு, கட்டுரை, தேர்வு, மதிப்பெண் எல்லாம் உண்டு. அமெரிக்காவில் இது புதிய விஷயமும் இல்லை, டெலவேர் பல்கலைக்கழகம் 1923-லேயே மாணவர்களை பிரான்சுக்கு அனுப்பியிருக்கிறது. கிறிஸ்தவக் கல்லூரிகளில் இதை ஆழமாகச் செய்தவர்கள் என்றால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது இண்டியானாவில் இருக்கும் கோஷன் கல்லூரி. மெனோனைட் சபையைச் சேர்ந்தது. 1968-ல் பிள்ளைகளை கோஸ்டா ரிக்கா போன்ற நாடுகளுக்கு அனுப்ப ஆரம்பித்தார்கள். பாதிப் பருவம் மொழியும் பண்பாடும் படிப்பது, மீதிப் பாதி ஒரு கிராமத்திலோ சிற்றூரிலோ ஏதாவது ஒரு பள்ளியிலோ மருத்துவ நிலையத்திலோ வேலை செய்வது, இரண்டிலும் தங்குவது அந்த ஊர்க் குடும்பத்தோடு. அந்த அமைப்பு இன்றைக்கும் எனக்கு மிகவும் பிடித்தது.

ஆயிரம், இரண்டாயிரம் பேர் படிக்கிற சின்னக் கல்லூரிகள் தனித்தனியாக வெளிநாட்டில் வகுப்பு நடத்த முடியாது. அதனால் பல கல்லூரிகள் கூட்டாகச் சேர்ந்து நடத்துகிற திட்டங்கள் வந்தன. சி.சி.சி.யு. என்று சுருக்கமாகச் சொல்லப்படும் கிறிஸ்தவக் கல்லூரிகளின் கூட்டமைப்பு 1976-ல் வாஷிங்டனில் ஒரு திட்டத்தைத் தொடங்கியது, பிறகு அது பல நாடுகளுக்கு விரிந்தது. உங்கள் பிள்ளையின் கல்லூரி இணையப் பக்கத்தில் பார்த்தால் கல்லூரியே நடத்துகிறவை, கூட்டாக நடத்துகிறவை, மற்றவர்கள் நடத்தி கல்லூரி அங்கீகரிப்பவை என்று மூன்று வகையும் கலந்து இருக்கும். எது எந்த வகை என்று முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். பணமும், படித்த பாடம் பட்டத்துக்குக் கணக்காகிற கிரெடிட்டும் அதைப் பொறுத்துத்தான்.

எங்கெல்லாம் போகலாம்? எது நல்லது?

எது நல்லது என்பது பிள்ளையைப் பொறுத்தது. நான் அறிந்தவற்றைச் சொல்கிறேன்.

புத்தகப் பிரியமான பிள்ளை என்றால் ஆக்ஸ்போர்டு. அங்கே டியூடோரியல் முறை. வாரா வாரம் ஒரு கட்டுரை எழுதிக்கொண்டு போய் ஆசிரியர் எதிரில் ஒற்றை ஆளாக உட்கார்ந்து வாதாட வேண்டும், பின்வரிசையில் ஒளிய வழியே கிடையாது. போட்லியன் நூலகத்தில் உறுப்பினராகச் சேரும்போது உள்ளே நெருப்பு மூட்டமாட்டேன் என்று வாய்விட்டு உறுதிமொழி வாசிக்கச் சொல்வார்களாம், எங்கள் சபைப் பையன் ஒருவன் அதை அவ்வளவு பெருமையாகச் சொல்வான். புத்தகத்தை வீட்டுக்கு எடுத்துப்போகவும் முடியாது, 1645-ல் முதலாம் சார்லஸ் மன்னர் கேட்டபோதே கொடுக்கவில்லை.

வேதத்தை ஆழமாகப் படிக்க விரும்பும் பிள்ளைக்கு எருசலேம். சீயோன் மலையில் 1957-ல் தொடங்கிய ஜெருசலேம் யுனிவர்சிட்டி காலேஜ் இருக்கிறது, நாட்டின் நிலவரம் சரியாக இருக்கும்போது போகலாம். அங்கே பாதி வகுப்பு காலால் நடந்து படிப்பது. எருசலேமிலிருந்து எரிகோவுக்கு இருபத்தைந்து கிலோமீட்டர் தூரம்தான், அதற்குள் பாதை ஆயிரம் மீட்டர் கீழே இறங்கிவிடுகிறது, எரிகோ கடல் மட்டத்துக்கும் கீழே. அந்த வறண்ட பள்ளத்தாக்கைப் பார்த்தவனுக்கு அந்த வழியில் நடக்கிற நல்ல சமாரியன் கதையை யாரும் விளக்க வேண்டியதில்லை.

ஸ்பானிஷ் வேண்டும் என்றால் கோஸ்டா ரிக்கா. அரசியல், சட்டம் என்றால் வாஷிங்டன், அங்கே வாரத்தில் சில நாள் ஏதாவது ஓர் அலுவலகத்தில் இன்டர்ன்ஷிப் இருக்கும். உயிரியல் பிள்ளைகளுக்கு எங்கள் மிச்சிகனிலேயே மேன்சலோனாவில் ஓ சாபிள் என்ற நிறுவனம் உண்டு, காட்டிலும் ஏரியிலும்தான் பாடம், கோடைகாலத்தில் போய்வரலாம். வெளிநாடு போனால்தான் கணக்கு என்று இல்லை.

உகாண்டாவா? ஊழியத்துக்கா அனுப்பினீர்கள்?

இந்தக் கேள்விதான் அதிகம் வரும். இதற்கு மட்டும் நான் கொஞ்சம் அழுத்தமாகவே பதில் சொல்வேன்.

ஊழியத்துக்கு அனுப்பவில்லை, படிக்க அனுப்பினோம். முகோனோவில் இருக்கும் உகாண்டா கிறிஸ்தவப் பல்கலைக்கழகம் ஆங்கிலிக்கன் சபையுடையது. 1913-லிருந்து அங்கே இருந்த பிஷப் டக்கர் இறையியல் கல்லூரிதான் 1997-ல் பல்கலைக்கழகமாக வளர்ந்தது. உகாண்டா மாணவர்களோடு ஒரே வகுப்பில் உட்கார்ந்து, உகாண்டா பேராசிரியர்களிடம் பாடம் கேட்டு, அவர்கள் கொடுக்கிற மதிப்பெண்ணை வாங்கி வருவதுதான் பிள்ளையின் வேலை. பத்து நாள் போய் சுவருக்கு வர்ணம் அடித்து, பிள்ளைகளோடு போட்டோ எடுத்துக்கொண்டு வருகிற பயணங்களைப் பார்த்துப் பழகியதால் நம் மனதில் ஆப்பிரிக்கா என்றாலே கொடுக்கப் போகிறோம் என்ற எண்ணம் ஊறிப்போயிருக்கிறது. நம் ஊருக்கு வெள்ளைக்காரர்கள் வந்து அப்படிப் பார்த்தபோது நம் தாத்தா பாட்டிகளுக்கு எப்படி இருந்திருக்கும் என்று ஒருமுறை யோசித்துப் பாருங்கள். விருந்தாளியாகப் போகிற பிள்ளைக்கு முதலில் தெரிய வேண்டியது வாங்கிக்கொள்ளத்தான். என் மகளும் முதல் இரண்டு வாரம், "நான் இங்க யாருக்கும் எந்தப் பிரயோஜனமும் இல்லம்மா" என்று அழுதாள். பரவாயில்லை, இரு என்றேன்.

ஒரு குடும்பத்தோடு தங்குவது எப்படி இருக்கும்?

திட்டத்தைத் தேர்ந்தெடுக்கும்போது நான் முதலில் பார்ப்பது இதைத்தான். அமெரிக்கப் பிள்ளைகள் எல்லாரும் ஒரே கட்டடத்தில் ஒன்றாகத் தங்கினால் அங்கேயும் ஓர் அமெரிக்கா உருவாகிவிடும். குடும்பத்தோடு தங்குகிற வாய்ப்பு, கொஞ்ச நாளுக்காவது, இருக்கும் திட்டமாகப் பாருங்கள்.

அந்த வீட்டில் என் மகள் செய்தது என்ன தெரியுமா? காலையில் வாளித் தண்ணீரில் குளியல். சாயங்காலம் பின்கட்டில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து மத்தோக்கே என்ற பச்சை வாழைக்காய் தோலுரிப்பது. கையில் பால் ஒட்டிப் பிசுபிசுத்துக் கறுத்துப்போகும், எண்ணெய் தடவிக்கொண்டு உரிக்கணும் என்று போனில் நான் இங்கிருந்து சொன்னேன், அந்த வீட்டு அம்மாவும் வேறு ஒரு வழி சொல்லிக்கொடுத்தாராம். உரித்த காயை வாழை இலையில் மூட்டையாகக் கட்டி, பானையில் வைத்து மணிக்கணக்காக அவிப்பார்கள், அப்புறம் இலையோடு சேர்த்துக் கையால் அமுக்கி மசிப்பார்கள். மேலே நிலக்கடலை அரைத்த குழம்பு. போட்டோ அனுப்பியிருந்தாள், என் அம்மா அதைப் பார்த்துவிட்டு, "இது நம்ம வீட்டு அடுப்படி மாதிரில்ல இருக்கு" என்றார்.

இன்னொன்று. முகோனோ இருக்கிற பகுதியின் பழைய அரசு புகாண்டா. அந்த வழக்கத்தில் பெண்பிள்ளைகள் பெரியவர்களுக்கு வணக்கம் சொல்லும்போது முழங்காலிடுவார்கள். எங்கள் வீட்டில் விருந்தாளி வந்தால் சோபாவை விட்டு எழுந்திரு என்று நான் பத்துத் தடவை சொல்ல வேண்டிய பெண், அங்கே கையில் தண்ணீர்க் குவளையோடு தரையில் முட்டி போட்டுப் பெரியவருக்குக் கொடுத்தாள். முதலில் அவளுக்கு அது கோபமாகத்தான் இருந்தது, பெண் மட்டும் ஏன் என்று. அந்த வீட்டு அம்மாவிடமே கேட்டிருக்கிறாள். அவரும் பொறுமையாகப் பேசியிருக்கிறார். கடைசிவரை இருவரும் முழுக்க ஒத்துப்போகவில்லை, ஆனாலும் அவள் முழங்காலிட்டாள், அவரும் இவளை 'முவாலா வாங்கே', என் மகளே என்று கூப்பிட்டார்.

நம் பிள்ளைகளை அங்கே எப்படிப் பார்ப்பார்கள்?

இதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை, அதனால் நான் சொல்கிறேன். உங்கள் பிள்ளை அமெரிக்காவில் பிறந்து வளர்ந்து, தன்னை அமெரிக்கப் பிள்ளை என்று நினைத்துக்கொண்டுதான் விமானம் ஏறும். கூட வந்த வெள்ளைக்காரப் பிள்ளைகளைப் பார்த்து தெருவில் சின்னக் குழந்தைகள் "முசுங்கு, முசுங்கு" என்று கத்தும். உங்கள் பிள்ளையைப் பார்த்து "முயிண்டி" என்று சொல்லும். இந்தியன் என்று அர்த்தம்.

அந்தச் சொல்லுக்குப் பின்னால் பெரிய வரலாறு இருக்கிறது. ஆங்கிலேயர் உகாண்டா ரயில்பாதை போட முப்பதாயிரத்துக்கும் மேற்பட்ட இந்தியத் தொழிலாளர்களைக் கொண்டுவந்தார்கள். பெரும்பாலும் பஞ்சாப் பக்கத்தவர்கள். தொடர்ந்து குஜராத்தி வியாபாரிகள் வந்தார்கள், கடைத்தெரு அவர்கள் கைக்குப் போனது. 1972-ல் இடி அமீன் ஆசியர்கள் எல்லாரும் தொண்ணூறு நாளில் நாட்டை விட்டுப் போகவேண்டும் என்று விரட்டினார். பல குடும்பங்கள் பெட்டியோடு லண்டன் போய் இறங்கின. பிறகு சிலர் திரும்பி வந்திருக்கிறார்கள், இன்றும் பெரிய கடைகளில், ஆலைகளில் இந்திய முதலாளிகள் உண்டு, அவர்களிடம் வேலை பார்க்கிறவர்களின் மனக்குறையும் உண்டு. சப்பாத்தி மட்டும் எந்தச் சண்டையும் இல்லாமல் அந்த ஊர்ச் சாப்பாடாகவே ஆகிவிட்டது.

தமிழ்ப் பெண் ஒருத்தி இதற்கெல்லாம் சம்பந்தமே இல்லாமல் அந்தத் தெருவில் நடந்து போகிறாள், கடைக்காரர் அவளை முதலாளி வீட்டுப் பெண் என்று நினைக்கிறார். என் மகளுக்கு அது வலித்தது. ஒருநாள் ஜிஞ்சாவுக்கு, நைல் நதி விக்டோரியா ஏரியிலிருந்து புறப்படுகிற இடத்துக்குப் போயிருக்கிறார்கள். அங்கே காந்தியின் சிலை இருக்கிறது, அவருடைய அஸ்தியில் ஒரு பகுதியை 1948-ல் அந்த நீரில் கரைத்தார்கள். சிலைக்குப் பக்கத்தில் நின்று என்னைக் கூப்பிட்டு, "அம்மா, நம்மாளுங்க இந்த ஊர்ல என்ன செஞ்சாங்க, அவங்களுக்கு என்ன செஞ்சாங்க, ரெண்டும் எனக்கு ஏன் நீங்க யாருமே சொல்லல?" என்றாள். என்னிடம் பதில் இல்லை. அந்தச் செமஸ்டரின் கடைசிக் கட்டுரையை அவள் அதைப் பற்றித்தான் எழுதினாள்.

கிரெடிட் எல்லாம் சரியாக வருமா?

வரும், எழுத்தில் வாங்கியிருந்தால். நாங்கள் பட்டதைச் சொல்கிறேன். "அந்த வரலாற்றுப் பாடம் உன் மேஜருக்கு, அதாவது முதன்மைப் பாடத்துக்கு, கணக்காகும், கவலைப்படாதே" என்று மகளின் கல்லூரியில் ஒருவர் வாய்வார்த்தையாகச் சொன்னார், நாங்களும் நம்பினோம். திரும்பி வந்தபோது அவர் அந்தப் பொறுப்பில் இல்லை. புதிதாக வந்தவர் அதை எலெக்டிவ், அதாவது விருப்பப் பாடம், என்று மட்டும் ஏற்றுக்கொண்டார். விட்டுப்போன பாடத்தைக் கோடையில் தனியாகப் பணம் கட்டிப் படித்து முடிக்க வேண்டியதாயிற்று. அதனால் கிளம்புமுன் ஒவ்வொரு பாடத்தின் சிலபஸையும் வாங்கி, துறைத் தலைவருக்கும் ரிஜிஸ்ட்ராருக்கும் அனுப்பி, இந்தப் பாடம் இந்தத் தேவைக்கு ஈடு என்று மின்னஞ்சலில் பதில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அங்கே போனபின் பாடம் மாறினால், அது அடிக்கடி நடக்கும், அதே வேலையை அன்றைக்கே மறுபடி செய்யச் சொல்லுங்கள். அங்கிருந்து எழுதிய கட்டுரைகள் எதையும் தூக்கிப் போட வேண்டாம்.

செலவு?

கல்லூரிக்குக் கல்லூரி மாறும், தொகை சொல்லி உங்களை ஏமாற்ற மாட்டேன். கேட்க வேண்டிய கேள்வி இது: எங்கள் பிள்ளைக்குக் கல்லூரி கொடுக்கிற ஸ்காலர்ஷிப் அந்தச் செமஸ்டருக்கும் கூட வருமா, நின்றுவிடுமா? சில கல்லூரிகள் தங்கள் சொந்தத் திட்டத்துக்கு மட்டும் தருவார்கள், மற்றதற்குத் தரமாட்டார்கள், வித்தியாசம் ஆயிரக்கணக்கில் வந்து நிற்கும். கல்லூரி கிரெடிட்டை ஏற்றுக்கொள்கிற திட்டமாக இருந்தால் மத்திய அரசின் உதவித்தொகையையும் கடனையும் அதற்குப் பயன்படுத்தலாம். குறைந்த வருமானக் குடும்பப் பிள்ளைகளுக்கு அரசு தருகிற பெல் கிராண்ட் வாங்குகிற, அமெரிக்கக் குடியுரிமை உள்ள பிள்ளை என்றால், வெளிநாட்டில் படிக்க அரசு தருகிற கில்மன் ஸ்காலர்ஷிப்புக்குக் கட்டாயம் போடச் சொல்லுங்கள், 5,000 டாலர் வரை கிடைக்கும். நம் ஆட்கள் பலர் விண்ணப்பிப்பதே இல்லை. விமான டிக்கெட், விசா, ஊசி, கைச்செலவு இவையெல்லாம் கட்டணத்தில் சேர்ந்ததா என்றும் கேளுங்கள்.

என் மகன் தமிழ்நாட்டிலிருந்து எஃப்-1 மாணவர் விசாவில் வந்து படிக்கிறான். அவன் போகலாமா?

போகலாம், ஆனால் முதல் அடி வைக்குமுன் கல்லூரியின் சர்வதேச மாணவர் அலுவலகத்தில் கேட்க வேண்டும். முழுநேர மாணவனாகப் பதிவில் இருக்கிறானா, கல்லூரி கொடுத்த ஐ-20 படிவத்தில் பயணக் கையெழுத்து இருக்கிறதா, பாஸ்போர்ட்டில் இருக்கும் விசா திரும்பி வரும் நாள் வரைக்கும் செல்லுமா, இந்த மூன்றும் முக்கியம். விசா காலாவதியானால் மூன்றாம் நாட்டுத் தூதரகத்தில் புதுப்பிப்பது பெரும் பாடு. வாஷிங்டன் போல இன்டர்ன்ஷிப் சேர்ந்த திட்டம் என்றால் படிக்கும்போதே வேலை பார்க்க சி.பி.டி. என்ற அனுமதி வேண்டும், பொதுவாக ஒரு கல்வியாண்டு முடித்திருந்தால்தான் அது கிடைக்கும். இந்திய பாஸ்போர்ட்டுக்கு இங்கிலாந்து, இத்தாலி எல்லாவற்றுக்கும் விசா வேண்டும். இத்தாலி போன்ற ஷெங்கன் நாடுகளில் தொண்ணூறு நாளுக்கு மேல் என்றால் நீண்டகால விசா, அதற்கு அமெரிக்க பாஸ்போர்ட் உள்ள பிள்ளைகளும் வரிசையில் நிற்க வேண்டியதுதான்.

ஊசி, மருந்து?

"நாங்க எல்லாம் கொசுக்கடியிலேயே வளர்ந்தோம்" என்று சொல்லும் அப்பாக்களுக்கு: நீங்கள் வளர்ந்தீர்கள், உங்கள் பிள்ளை வளரவில்லை. மலேரியா மாத்திரையை மருத்துவர் சொன்னபடி, திரும்பி வந்த பிறகும் சொன்ன நாள்வரை, சாப்பிட வேண்டும்.

உகாண்டாவுக்கு மஞ்சள் காய்ச்சல் ஊசிச் சான்றிதழ் கட்டாயம். ஊசி போட்டுப் பத்து நாள் கழித்துத்தான் அது செல்லும். இதில் நம்மவர்கள் மாட்டுகிற இடம் ஒன்று உண்டு. செமஸ்டர் முடிந்ததும் அப்படியே சென்னை போய்ப் பாட்டியைப் பார்த்துவிட்டு வரட்டும் என்று டிக்கெட் போடுவோம். உகாண்டாவிலிருந்து கிளம்பி ஆறு நாளுக்குள் இந்தியாவில் இறங்கினால் அந்தச் சான்றிதழான மஞ்சள் அட்டையைக் கேட்பார்கள், இல்லையென்றால் தனிமைப்படுத்தி வைத்துவிடுவார்கள். அட்டையைப் பெட்டியில் போட வேண்டாம், பாஸ்போர்ட்டோடு கைப்பையில் இருக்கட்டும்.

பெண் பிள்ளையைத் தனியாக எப்படி அனுப்புவது?

நானும் ஒரு மாதம் தூங்கவில்லை. திட்டத்தின் ஆட்கள் அந்த ஊரிலேயே குடியிருக்கிறார்களா, இரவு எத்தனை மணிக்கு வீடு திரும்ப வேண்டும், மருத்துவமனை எவ்வளவு தூரம், அவசரத்துக்கு நாட்டைவிட்டு வெளியேற்றும் காப்பீடு உண்டா என்று கேளுங்கள். அங்கெல்லாம் பயம் காட்டுவது பெரும்பாலும் சாலைதான். போடா-போடா என்கிற பைக் டாக்ஸியில் ஏறுவதற்குப் பல திட்டங்களில் தடை உண்டு, உங்கள் பிள்ளையின் திட்டத்திலும் உண்டா என்று பாருங்கள். அரசியல் நிலைமை மோசமானால் திட்டத்தையே வேறு ஊருக்கு மாற்றுவார்கள், கெய்ரோவில் பல வருடம் நடந்த மத்திய கிழக்குத் திட்டத்தை அப்படி மாற்றினார்கள்.

ஒன்று கவனியுங்கள்: பதினெட்டு வயது ஆன பிள்ளையைப் பற்றி அந்தப் பிள்ளையின் அனுமதி இல்லாமல் நம்மிடம் பேச அலுவலகங்கள் தயங்கும். அனுமதிப் படிவத்தில் முன்பே கையெழுத்துப் போட்டுவிட்டுப் போகச் சொல்லுங்கள். மற்றபடி தினமும் வீடியோ கால் கேட்காதீர்கள். நாங்கள் வாரத்துக்கு இரண்டு என்று வைத்துக்கொண்டோம்.

விசுவாசம் தளர்ந்துவிடாதா?

கேள்விகளோடு வருவார்கள். என் மகள் வந்து கேட்ட முதல் கேள்வி, நம் சபையில் மூன்று மணி நேர ஆராதனையை ஏன் யாராலும் பொறுக்க முடியவில்லை என்பது. அடுத்த கேள்வி, நாம் அனுப்புகிற காணிக்கை அங்கே யார் கையில் போய்ச் சேர்கிறது என்று நாம் கேட்டதுண்டா என்பது. ஆயருக்கும் அவளுக்கும் நல்ல பேச்சு நடந்தது. எனக்கு இதில் பயம் இல்லை. கேட்கிற பிள்ளை விசுவாசத்துக்கு உள்ளே இருக்கிற பிள்ளை என்றுதான் நினைக்கிறேன்.

தமிழ்நாட்டுக்கே ஒரு செமஸ்டர் வர முடியுமா?

முடியும். வட கரோலினாவின் டேவிட்சன் கல்லூரி, பிரெஸ்பிடேரியன் பின்னணி உள்ளது, தாம்பரத்தில் உள்ள சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில் மாணவர்களை வைத்துச் செமஸ்டர் நடத்தியிருக்கிறது. கோவையில் பிஷப் அப்பாசாமி கல்லூரியோடு சேர்ந்து சி.சி.சி.யு.வும் சில வருடம் ஓர் இந்தியத் திட்டம் நடத்தியது. அப்படி ஏதாவது கிடைத்தால் நம் பிள்ளைகளுக்கு அது சாதாரண விஷயம் இல்லை. லீவுக்குப் போய் மாமா வீட்டில் பிரியாணி சாப்பிடுவது வேறு, தாம்பரத்தில் ஹாஸ்டல் பிள்ளைகளோடு மின்சார ரயில் பிடித்து ஓடுவது வேறு. வெளிநாட்டுக் குடியுரிமை உள்ள இந்திய வம்சாவளியினருக்கு இந்திய அரசு கொடுக்கிற ஓ.சி.ஐ. அட்டை இருந்தால் படிப்புக்குத் தனி விசா வேண்டாம், ஆனால் மிஷனரி வேலை செய்ய அந்த அட்டைக்காரர்களும் தனி அனுமதி வாங்க வேண்டும், சபையில் யாராவது "போற இடத்துல சாட்சிக் கூட்டம் வச்சிரு" என்று சொன்னால் அதை ஞாபகப்படுத்துங்கள்.

திரும்பி வந்தபின் பிள்ளை மாறிப்போயிருக்குமா?

முதல் மாதம் கஷ்டம். பெரிய கடைக்குள் போனால் மலைத்து நின்றுவிடுவாள். தோழிகள் "ட்ரிப் எப்படி?" என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டு அடுத்த பேச்சுக்குப் போய்விடுவார்கள், அது அவளுக்குத் தாங்கவில்லை. நீங்களாவது உட்கார்ந்து கேளுங்கள், சொன்னதையே சொன்னாலும் கேளுங்கள். ஒரு சனிக்கிழமை இந்தியக் கடையில் உறைய வைத்த வாழை இலையும் வாழைக்காயும் வாங்கி வந்து மத்தோக்கே செய்தாள். இலை கிழிந்து தண்ணீர் உள்ளே போய்விட்டது. எல்லாருமாகச் சாப்பிட்டோம்.

எப்போது ஆரம்பிக்க வேண்டும்?

இரண்டாம் வருடத் தொடக்கத்திலேயே. பெரும்பாலும் மூன்றாம் வருடம்தான் போவார்கள், நர்சிங், பொறியியல், ஆசிரியர் பயிற்சி படிக்கிறவர்களுக்குப் பாட அட்டவணை நெருக்கமாக இருக்கும், அவர்கள் முதல் வருடமே ஆலோசகரிடம் பேசிவிட வேண்டும். விண்ணப்பத்தோடு பரிந்துரைக் கடிதங்கள் கேட்பார்கள், சில திட்டங்களில் ஆயரிடமிருந்தும் ஒன்று. நம் ஆயர்கள் ஊர் ஊராகப் போகிறவர்கள், ஒரு மாதம் முன்பே கேளுங்கள். இன்றைக்கே செய்யக்கூடியது ஒன்று: பிள்ளையின் பாஸ்போர்ட்டை எடுத்து, திரும்பி வரும் நாளுக்குப் பிறகும் ஆறு மாதம் செல்லுமா என்று பாருங்கள்.